'போதும்' என்று எழுதுவதும் எங்கள் வேலைதான்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு சின்ன டிரஸ்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். படுக்கையோடு கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணைக் கழுவிக் கட்டி, யூரின் டியூப் மாற்றி, வலிக்கு மாத்திரை கொடுத்து வருவார்கள் எங்கள் நர்சுகள். அதை வெளியே சொல்வது, உதவி கேட்பது, கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வது, இதெல்லாம் என் பொறுப்பு. போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், "பணம் வந்துகொண்டிருக்கும்போதே 'தேவை முடிந்தது' என்று எதற்குப் பதிவு போடுகிறாய்? இன்னும் நாலு நாள் ஓடவிட்டால் என்ன?" கமெண்டில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம். அருமனை பக்கம் ஒரு அம்மா, முதுகெல்லாம் படுக்கைப் புண். மகள் முந்திரி ஆலையில் வேலைக்குப் போய்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு ஏர் பெட் உடனே வேண்டும். அந்த அம்மாவின் முகம் தெரிகிற போட்டோ, நாலு வரி, தொடர்புக்கு மகளின் நம்பர். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது நான்தான். தேதி போடவில்லை. எத்தனை வேண்டும் என்றும் போடவில்லை. அனுப்பிய மூன்றாம் நாளே பெட் வந்துவிட்டது, அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் நாலு வந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். ஒன்றரை மாதத்தில் அந்த அம்மா இறந்துவிட்டார்.

செய்தி மட்டும் நிற்கவில்லை. பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-லேயே கட்டுப்பாடு வைத்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொன்றாகவே அது குவைத் வரை போய்ச் சேர்ந்தது. எட்டு மாதம் கழித்து அந்த மகள் எனக்குப் போன் செய்தாள். "எல்லாரும் நல்ல மனசோடதான் கூப்பிடுறாவ அண்ணே. ஆனா ஒவ்வொரு தடவையும் அம்மா இறந்துட்டாவன்னு நான்தான சொல்லணும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் ரொம்பத் தணிவாகச் சொன்னாள். அப்புறம் அவள் அந்த சிம்மையே மாற்றிவிட்டாள். அவளுக்கு நான் செய்த தவறு அது, இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அன்றிலிருந்து நாங்கள் அனுப்பும் எந்த வேண்டுகோளிலும் தேதி இருக்கும், என்ன பொருள், எத்தனை, எந்த நாள் வரை என்று இருக்கும், நம்பர் ஆபீஸ் நம்பராகத்தான் இருக்கும். நோயாளியின் முகம் கிடையாது, ஊர்ப் பெயரும் கிடையாது. வீட்டுக்காரர்கள் "பரவாயில்ல, போடுங்க" என்று சொன்னாலும் போடுவதில்லை. வலியில் கிடக்கிறவர் வீட்டில் நின்றுகொண்டு கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? தேவை முடிந்த அன்றே அதே இடத்தில் 'கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம், மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்' என்று இன்னொரு பதிவு. முதல் பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தால் இதை ஐம்பது பேர் பகிர்கிறார்கள். அந்த ஐம்பது பேரையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இது நம் மாவட்டத்துக்குப் புதிதா என்றால் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நான் அப்போது கல்லூரி மாணவன், லாரியில் வந்த மூட்டைகளை இறக்கப் போயிருந்தேன். பாதி பழைய துணி. கிழிந்த சட்டை, ஒற்றைக் கால் செருப்பு, நம் ஊர் வெயிலில் யாரும் தொடாத கம்பளி. ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து நாறியது, அதை அள்ளிப்போடவே தனி ஆள் வேண்டியிருந்தது. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, என்ன வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, எப்போது போதும் என்று சொல்லவும் ஆள் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தேவையே வேறாக இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரையில் நின்றவர்கள் முதலில் கேட்டது ஆழ்கடலில் இருக்கும் தங்கள் ஆட்களைத் தேடச் சொல்லித்தான். டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் அதற்காகத்தான். வாழையும் ரப்பரும் சாய்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்த, கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கோ மரம் அறுக்க ஆளும் மெஷினும் வேண்டும். அரிசி மூட்டையோடு ஒரே மாதிரி எல்லா இடத்துக்கும் போனால் எப்படி? போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஏர் பெட்டுக்கு ஒரு முகம் இருக்கிறது, டீசலுக்கு இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே, பத்துகாணி பக்கமெல்லாம் எங்கள் ஜீப் போய் வர ஆகும் டீசல், நர்சுகளின் சம்பளம், புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி, கையுறை, இவைதான் மாதாமாதம் எங்களை முழி பிதுங்க வைக்கும் செலவு. இதற்குக் கொடுக்க ஆள் குறைவு. அதற்காக ஒரு நோயாளியின் பெயரில் கேட்டு, மீதியை டீசலுக்குத் திருப்பிக்கொள்ளலாமா? கூடாது. எங்கள் கமிட்டியிலேயே இதைப்பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் முடிவு செய்தது இதுதான்: கூடுதலாக வந்தால் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "இந்தத் தேவை முடிந்தது, ஜீப் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா, இல்லை திருப்பி அனுப்பவா?" என்று கேட்பது. கேட்டால் பெரும்பாலும் "எடுத்துக்கோங்க" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு பேர் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பினோம். அதில் ஒருவர் இப்போது மாதாமாதம் டீசலுக்கு என்றே கொடுக்கிறார்.

டீசலுக்குக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது எங்களுக்கும் இரண்டு நிமிடம் தருகிற சபைகள் இருக்கின்றன, கொடை விழா மேடையில் மைக் தருகிற கோயில் கமிட்டிகள் இருக்கின்றன. அங்கே நர்ஸ் ஒருவர் எழுந்து, காலை எட்டு மணியிலிருந்து தான் என்ன செய்தேன் என்று சொன்னாலே போதும். நான் எழுதும் எந்த போஸ்டையும்விட அதற்குத்தான் ஜனம் காது கொடுக்கிறது.

இன்னொன்று, ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை, புதிய வரிமுறையில் கணக்குக் காட்டுபவருக்கு அறவே இல்லை. இதைப் பணம் வாங்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பான் நம்பர் தந்தவர்களுக்கு அந்தச் சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழ் மே மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் ஆபீஸ் வேலை, விளம்பரம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ரசீது வராத ஒருவர் அடுத்த வருடம் ஏன் நம்மை நம்ப வேண்டும்?

இப்போதைக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் குழுவில் ஏதாவது மருத்துவ உதவிச் செய்தி வந்தால், பகிரும் முன்னால் அதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பியவரிடம் கேளுங்கள். எங்களுக்கு இந்த மாதம் வேண்டியது இரண்டு வீல்சேர். ஒன்று நேற்று வந்துவிட்டது. மற்றதும் வந்ததும் இதே பதிவின் கீழே 'போதும்' என்று எழுதுகிறேன், அதையும் பகிருங்கள்.