கைமடிக்கு மெஷின் கொடுத்தவர்

போன வாரம் எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர்களை எல்லாம் ஏசி அறையில் உட்காரவைத்து, சர்வன்ட் லீடர்ஷிப், அதாவது தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்குச் சேவை செய்கிற தலைமை, என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். 1970-இல் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதி, அதிலிருந்து பரவிய சொல்லாம். மனிதர் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசிக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவர், அதனால் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். உன்னிடம் வேலை பார்த்தவர்கள் வளர்ந்தார்களா, அதைத்தான் அவர் கேட்கிறார். வகுப்பு எடுத்தவர் அந்தக் கேள்வியை ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டு, ஊழியர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது பற்றி அரை மணி நேரம் பேசினார்.

எனக்கு எங்கள் பழைய மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது.

பதினெட்டு வயதில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து ஒரு பவர் டேபிளில், அதாவது தையல் யூனிட்டில், கைமடியாகச் சேர்ந்தேன். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவது, இதுதான் கைமடி வேலை. காலை எட்டரைக்கு நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் கால் வலிப்பதே தெரியும். மெஷினில் உட்கார்ந்தால் கூலி எங்கேயோ போய்விடும், ஆனால் உட்காரவிட மாட்டார்கள். அதில் டெய்லர்கள் மேல் மட்டும் கோபப்பட்டுப் புண்ணியமில்லை. அவர்களுக்குப் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் காசு. நான் பழகுவதற்கு அரை மணி நேரம் ஓவர்லாக் மெஷினை விட்டுக்கொடுத்தால் அந்த அரை மணி நேரக் கூலி அவர் வீட்டு அரிசியிலிருந்து போகிறது. தொழிலை மறைக்கிறார்கள் என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம், அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

மாஸ்டர் பார்த்தார். சாயங்கால டீ முடிந்ததும் இருபது நிமிடம், கட்டிங் வேஸ்ட் துணியில் கைமடிப் பிள்ளைகள் பழகலாம், அந்த நேரத்துக்கு டெய்லருக்கு எவ்வளவு குறைகிறதோ அதை சனிக்கிழமை சம்பளத்தில் சேர்த்துப் போடுவார். முதலாளியிடம் அதற்காகச் சண்டை போட்டது எனக்குப் பின்னால்தான் தெரியும். முதல் நாள் பெடலை மிதிக்கவே பயந்து நின்றேன். "உட்காரு கண்ணு, ஊசி உடைஞ்சா என் கணக்கு" என்றார். அன்றைக்கு இரண்டு ஊசி உடைந்தது.

ஏழு மாதத்தில் ஓவர்லாக் டெய்லர், அப்புறம் பேட்லாக் என்ற இன்னொரு தையல் மெஷின், அப்புறம் சூப்பர்வைசர். ஆனால் சூப்பர்வைசர் ஆனதும் நான் செய்ததைச் சொன்னால் வெட்கம். யாருக்காவது தையல் கோணினால் நானே உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுப்பேன், நூல் அறுந்தால் நானே கோத்துவிடுவேன். நல்ல அக்கா என்று பெயர். தங்கச்சி குழந்தை காதுகுத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போனேன், லைனே படுத்துவிட்டது. அவர்கள் வேலையைச் சுமந்தேனே தவிர ஒருத்திக்கும் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை டீம் வேலையை எல்லாம் தானே முடிக்கும் ஐடி மேனேஜர்களும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் செய்ததைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் போங்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையாலேயே கண் அறுவை பழகியவர். அரசு வேலையில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். என் சித்திக்குப் புரை எடுத்தது அங்கேதான். சொட்டு மருந்து விட்டது, பார்வை சோதித்தது, லென்ஸுக்கு அளவு எடுத்தது எல்லாமே அந்தப் பெண்கள்தான், டாக்டர் அறுவைக்கு மட்டும் வந்தார். ஒரு டாக்டர் அத்தனை பேருக்கு அறுவை செய்ய முடிகிறதென்றால் அது அவர்களால்தான். இதில் என்னை அசரவைத்தது வேறு: 1992-இல் லைக்கோ என்று ஒரு பயிற்சி நிறுவனமே தொடங்கி, தங்கள் முறையை மற்ற கண் மருத்துவமனைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு பெண்ணுக்குப் பேட்லாக் சொல்லிக் கொடுக்கவே, "கத்துக்கிட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிருவாளே" என்கிறோம். போவாள்தான். நானும்தான் போனேன், அன்றைக்கு மாஸ்டர் முகம் சுளிக்காமல் புதுக் கம்பெனியில் என்ன கூலி கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கற்றுக்கொடுத்துவிட்டுப் பழைய கூலியே கொடுத்தால் எவள் இருப்பாள்? பொறுப்பு மட்டும் ஏறி சம்பளம் ஏறாத வளர்ச்சிக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

வகுப்பு முடிந்ததும் நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். டீக்குப் பிறகு இருபது நிமிடம், டெய்லர்களுக்கு அந்தப் பீஸ் காசை கம்பெனி தருமா? கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்றோடு எட்டு நாள் ஆகிறது. வேஸ்ட் துணி மூட்டை ஒன்றை மட்டும் என் டேபிளுக்கு அடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.