ஜமேக்கா ஆட்டுக்கறியும் "எங்கட கறி" என்ற உரிமைக் குரலும்

ரொறன்ரோவின் மேற்கே, எற்றோபிக்கோவிலுள்ள சென்ரேனியல் பூங்காவில் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் ஜெர்க் (காரமசாலா தடவிச் சுடும் ஜமேக்கா இறைச்சி) உணவுத் திருவிழாவுக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். ஜமேக்கா ஆட்டுக்கறியை ஒரு வாய் வைத்ததுமே நண்பர், "மச்சான், இது எங்கட கறிதானே!" என்றார். இந்தச் சொல்லை நம்மவர் பலரிடம் கேட்டிருக்கிறேன்; நானும் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது அப்படிச் சொல்ல மனம் ஒப்புவதில்லை.

பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறை 1838இல் முற்றாக முடிவுக்கு வந்த பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் தேடிய முதலாளிகள், 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் போஜ்பூரி பேசிய வட இந்தியர்கள். அவர்களிடமிருந்து கறித்தூளை வாங்கிக்கொண்ட ஆப்பிரிக்க வழிவந்த மக்கள், அதோடு தைம் இலையையும் பிமென்றோ (allspice) மணிகளையும் மூக்கில் நீர் வரவைக்கும் ஸ்கொட்ச் பொனெற் மிளகாயையும் சேர்த்துச் சமைத்து, கல்யாண வீட்டுக்கும் சாவீட்டுக்கும் உரிய உணவாகவே அதை ஆக்கிவிட்டார்கள். அந்தக் கறியை "எங்கட" என்று ஒரே சொல்லில் அள்ளிக்கொள்ளும்போது, கப்பலேறிய கூலியும் அடுப்படியில் நின்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் ஒருசேரக் காணாமல் போகிறார்கள். உறவு கொண்டாடித்தான் ஆகவேண்டுமென்றால் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போகலாம். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து போன தமிழர்களின் மசாலா அங்கே இன்றும் "கொலொம்போ" என்றே அழைக்கப்படுகிறது. அது கொழும்பா, குழம்பா என்பது தனி வழக்கு.

என்னை அதிகம் தடுத்து நிறுத்தியது அடுத்த கடையில் கிடைத்த அக்கீயும் கருவாடும். ஜமேக்காவின் தேசிய உணவு என்று சொல்லப்படும் இதில், அக்கீப் பழம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனோ நாம் குடியுரிமை பெற்று வாழும் இதே கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து போனது. கரும்பு நட்ட நிலத்தில் உணவுப் பயிருக்கு இடம் விட மனமில்லாத தோட்ட முதலாளிகள், ஐரோப்பியச் சந்தையில் விலை போகாத கழிவுத் தர மீனை அடிமைகளுக்குத் தீனியாக வாங்கினார்கள். மீன் கொண்டுபோன கப்பல்கள் ரம்மும் சர்க்கரைப்பாகும் ஏற்றிக்கொண்டு திரும்பின. அடிமை முறை என்றால் அது ஏதோ தெற்கே நடந்த சங்கதி என்று கனடாவில் பேசிக்கொள்வோருக்கு, இந்தத் தட்டையே பாடமாக வைக்கலாம்.

இதே நாட்டின் அதிகாரிகள்தான் 1985இல், "மாட்டிறைச்சிப் பற்றி" (beef patty) என்ற பெயர் மாவுறை இல்லாத வெறும் இறைச்சி வட்டத்துக்கே உரியது என்று சட்டம் காட்டி, மாவுறைக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தை அந்தப் பெயரில் விற்ற ரொறன்ரோவின் ஜமேக்காக் கடைக்காரர்களைப் பெயரை மாற்றச் சொன்னார்கள். கடைக்காரர்கள் விடவில்லை; கடைசியில் "ஜமேக்கா பற்றி" (Jamaican patty) என்ற பெயரில் சமரசம் ஏற்பட்டது. இன்று சுரங்க ரயில் நிலையத்திலும் அது கிடைக்கிறது. (நம்மூர் ரோல்ஸுக்கு இப்படியொரு வழக்கு வராதது நம் அதிர்ஷ்டம்.)

பாட்டு, ஆட்டத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது: நெடுக்காகப் பிளந்த எண்ணெய்ப் பீப்பாயில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். திரினிடாட்டில் அதே பீப்பாயைக் குறுக்காக வெட்டி, அடித்துக் குழித்து, ஸ்ரீல்பான் என்ற இசைக்கருவியாக்கினார்கள். பறைக்குப் பதில் பீப்பாயைத் தேடிப்போனதற்குப் பின்னணி உண்டு: அங்கே ஆப்பிரிக்கப் பறைகளைக் குடியேற்ற அரசு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒடுக்கியிருந்தது.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டுக்கு வரிசையில் நின்றோம். நண்பர் மறுத்தும் பேசவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. எங்கள் முறை வந்ததும் கடைக்கார அம்மாவிடம், "இந்தக் கறியில் கிடக்கிற இலை என்ன?" என்று கேட்டார்.

"தைம்," என்று சொல்லி, இன்னொரு கரண்டி கறியை அள்ளிப் போட்டார் அந்த அம்மா.