நானும் அதையேதான் சொல்லுதேன் மிஸ்

(மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி. கம்ப்யூட்டர் லேப். வரலாற்று மிஸ்ஸும் லேப் அண்ணனும்.)

மிஸ்: அண்ணே, நம்ம ஆன்லைன் பாடத்தளம் 'மூடில்'ல (Moodle) விவாதப் பலகை தொறந்தேன். 60 பிள்ளைகளும் பதில் போட்டாச்சு!

அண்ணன்: கொள்ளாமே! என்ன போட்டிருக்காவ?

மிஸ்: முதல் ஆள் '1860'. மிச்சம் 59 பேரும் 'நானும் அதையேதான் சொல்லுதேன் மிஸ்'.

அண்ணன்: கேள்வி?

மிஸ்: ஏ.வி.எம். கால்வாய், அதான் நம்ம அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், எப்ப வெட்டினாவ?

அண்ணன்: அதுல விவாதிக்க என்ன கெடக்கு? 'தூர் வாரினா திரும்பப் படகு ஓடுமா? உங்க ஊருல கால்வாய் கெடக்க கோலத்த போட்டோ போட்டு வாதாடுங்க'ன்னு கேளுங்க. குளச்சல் பிள்ளையும் தேங்காப்பட்டணம் பிள்ளையும் முட்டிக்கிடும்.

மிஸ்: காப்பி அடிப்பானே?

அண்ணன்: புதுப் பலகை தொறந்து, வகைய 'கேள்வி பதில்'னு வையுங்க. தன் பதிலப் போடாம அடுத்தவன் பதில் தெரியாது.

மிஸ்: ஒரு புள்ளிய வச்சுட்டு உள்ள பாப்பான்.

அண்ணன்: திருத்த 30 நிமிஷம் உண்டு. அது முடிஞ்ச பொறவுதான் மத்தவன் பதிலு தெரியும். அப்ப திருத்த முடியாது. அடியில புதுசா எழுதினாலும், மேல நிக்க புள்ளி காட்டிக்குடுத்துரும்.

மிஸ்: 60 பேரும் ஒரே பலகையிலயா?

அண்ணன்: ஆறு ஆறு பேரா 10 'தனிக் குழு'. ஒரு குழு எழுதுகது அடுத்த குழுவுக்குத் தெரியாது. கேள்வி போடும்போது, எல்லாக் குழுவுக்கும் நகல் போகணும்ங்கத டிக் பண்ணுங்க. பொதுவாப் போட்டா பிள்ளைகளு வாசிக்கலாம், பதிலெழுத முடியாது. சொந்தப் பதிலுக்குப் புதன், மறுப்புக்கு ஞாயிறு. ஒரே கெடு வச்சா எல்லாம் கடைசி ராத்திரி 11.55-க்கு வந்து விழும். பொறவு யாரு யாரை மறுக்க? அஞ்சு மார்க்குல மூணு மறுப்புக்கு.

மிஸ்: நேத்து போட்டோ ஏறலன்னு ஒருத்தி அழுதா.

அண்ணன்: பதிவுல சேக்க கோப்புக்கு 500 கேபிதான் வச்சிருக்கும். போன் போட்டோ 4 எம்பி வரும். அளவைக் கூட்டுங்க.

மிஸ்: நான் எல்லாருக்கும் 'வெரி குட்' போட்டேனே, அது நல்லதுதானே?

அண்ணன்: சோலி முடிஞ்சு! மிஸ்ஸே சரின்ன பொறவு எவன் எதிர்த்துப் பேசுவான்? ஞாயிறு வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. பதிவு யாருக்கெல்லாம் மெயிலாப் போவணும்ங்க 'சந்தா' அமைப்புல என்ன குடுத்திய?

மிஸ்: 'கட்டாயம்'.

அண்ணன்: அடப்பாவமே! ஒவ்வொரு பதிவும் எல்லாருக்கும் மெயிலாப் போவும். பாடத்துல யாரெல்லாம் உண்டு?

மிஸ்: பிள்ளைகளு... மேற்பார்வைக்குப் பிரின்சிபாலும்.

அண்ணன்: கர்த்தாவே!

மிஸ்: எனக்க 60 'வெரி குட்'டும் போயிருக்குமா?

அண்ணன்: வரிசையா.

மிஸ்: அதான் காலையில வராண்டாவுல அவரு எனக்க மூஞ்சியப் பாத்து ஒரு 'வெரி குட்' சொல்லிட்டுப் போனாரு. இன்கிரிமென்ட்டுக்குன்னுல்லா நெனச்சேன்!