ஷூவைத் தேய்க்க இரண்டு நிமிடம்கூட இல்லையா?

ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. கீலவேயா இக்கி என்ற எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கி நடப்பதற்காக, இயற்கையை நன்கறிந்த வழிகாட்டி உடன் வருவார் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்திடம் முன்பதிவு செய்து, கேட்ட தொகையைக் குறைக்காமல் கட்டிவிட்டுத்தான் போனேன். நான் பணம் கொடுத்தது வழி காட்டுவதற்காக அல்ல. வழி அங்கே தெளிவாகவே இருக்கிறது. அந்தக் காட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்று சொல்லித் தர ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தேன்.

பாதை தொடங்கும் இடத்திலேயே காலணியைச் சுத்தம் செய்வதற்கென்று முரட்டு பிரஷ்கள் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காரணத்தை விளக்கும் பலகையும் இருக்கிறது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். நின்று ஷூவைத் தேய்த்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற ஒன்பது பேரும் ஏதோ வீட்டு வாசலில் கிடக்கும் கால்மிதியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர், முந்தைய நாள் அதே தீவின் புனா பகுதியில் காட்டுக்குள் நடந்த கதையை வேனில் வரும்போதே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தவர். அவருடைய ஷூவின் அடிப்பள்ளங்களில் அந்தச் சேறு காய்ந்து கட்டிகட்டியாக ஒட்டியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "சார், கொஞ்சம் தேய்த்துவிட்டு வாருங்கள்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் வழிகாட்டியே குறுக்கிட்டு, மேகம் இறங்குவதற்குள் கீழே போய்விட வேண்டும், நேரமாகிறது, வாருங்கள் என்று கையை வீசி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

புனா என்ற பெயரைக் கேட்டதுமே அந்த வழிகாட்டி பதறியிருக்க வேண்டாமா? ஓஹியா மரங்களை அழிக்கும் பூஞ்சை நோய் 2014இல் முதலில் அடையாளம் காணப்பட்டது அந்தப் புனாவில்தான். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய வெறும் பாறையில் முதன்முதலாக வேர் விடும் மரம் ஓஹியா. சிவந்த ஊசிகளைக் கொத்தாகச் செருகியதுபோன்ற அதன் பூவுக்கு லெஹுவா என்று பெயர். அந்தப் பூவின் தேனை நம்பித்தான் அபாபனே, ஈஈவி போன்ற சிவந்த சிறு பறவைகள் வாழ்கின்றன. இந்தப் பூஞ்சை மரத்தின் காயம் வழியாக உள்ளே புகுந்து, நீர் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. பல மாதங்கள் வெளியே எதுவும் தெரியாது; தெரியத் தொடங்கிய சில வாரங்களுக்குள் மரத்தின் தழை முழுவதும் பழுப்பாகிக் கருகிவிடும். மருந்து கிடையாது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. பூஞ்சையின் வித்துகள் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவக்கூடியவை என்பதால்தான், மண்ணைத் தேய்த்து நீக்கிவிட்டு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள் என்று சொல்கிறார்கள். நான் ஒரு சிறு புட்டியில் அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கேட்டிருந்தால் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்திருப்பேன், ஒருவரும் கேட்கவில்லை.

இறங்கும் வழியில் அடுத்த கொடுமை நடந்தது. புனாக்காரர் சேறு படிந்த ஷூவோடு முன்னால் போக, பின்னால் வந்த ஓர் இளைஞர் ஊன்றுகோலுக்காகப் பாதையோரத்து ஓஹியாவின் கிளை ஒன்றை வளைத்து முறித்தார். பட்டை உரிந்து, உள்மரம் வெளுப்பாகத் தெரிய, கிளை பாதி தொங்கியது. காயம் ஒரு பக்கம், காயத்துக்குள் புகக்கூடிய மண் ஒரு பக்கம், இரண்டும் ஒரே பாதையில் பத்தடி இடைவெளியில்! நான் சத்தம் போட்டேன். வழிகாட்டி திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, கீழே படம் எடுக்க நல்ல இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அந்தப் பள்ளத்தின் தரையில் நிற்பது எத்தகைய அனுபவம் என்பதை அவரால் சொல்லியிருக்க முடியாதா? 1959 நவம்பர் 14ஆம் தேதி அங்கே பூமி பிளந்து, நெருப்புக் குழம்பு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டது. ஐந்து வாரங்களில் அந்தப் பள்ளமே எரிகுழம்பு ஏரியாகிவிட்டது. இன்று அதன் மேலோட்டின்மீதுதான் நடக்கிறோம். மழைநீர் விரிசல் வழியாக இறங்கிச் சூடாகி, ஆவியாகத் திரும்பி வருகிறது. கையை நீட்டினால் இட்லிப்பானையைத் திறந்ததுபோல ஈரச்சூடு உள்ளங்கையில் படிகிறது. அந்த விரிசல்களுக்குள்தான் முழங்கால் உயரம்கூட இல்லாத ஓஹியாக் கன்றுகள் பிழைத்து நிற்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கரும்பாறை மெல்ல மெல்லக் காடாக முயன்றுகொண்டிருக்கிறது. எங்கள் குழு அந்தக் கன்றுகளை ஏறி மிதித்துக்கொண்டு ஆவிக்கு முன்னால் நின்று படம் எடுத்தது.

போதாக்குறைக்கு, கல்மேல் கல்லாக அடுக்கி விளையாடினார்கள். மூடுபனி இறங்கினால் அடுத்த அடி எங்கே என்று தெரியாத அந்தத் தரையில், பாதையைக் காட்டுவதற்காகப் பூங்காப் பணியாளர்கள் அமைத்த கற்குவியல்களை ஆஹு என்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்குக்கு இன்னொன்றை அடுக்கினால், அடுத்து வருபவர் எதை நம்பி நடப்பார்? இதற்கும் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. ஹவாய் மக்களுக்கு அந்த எரிமலை, பெலே என்ற எரிமலைத் தெய்வத்தின் வீடு. நம் ஊர்க் கோயிலுக்குள் ஒருவன் செருப்போடு நுழைந்தால் பூ விற்கும் பாட்டிகூட அதட்டுவாள். சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் வழிகாட்டிக்கு அந்தத் துணிவு ஏன் வரவில்லை?

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு நடந்ததையெல்லாம் விவரமாக எழுதினேன். வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்திருக்கிறது. ஷூவைப் பற்றியோ முறிந்த கிளையைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. தள்ளுபடி வேண்டாம் என்று திருப்பி எழுதிவிட்டேன். பன்னிரண்டு பேரும் ஷூவைத் தேய்த்து முடிக்கும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன, பதில் இல்லை.