பட்டா யார் பெயரில்?

முதுகலை வகுப்பில் சூழலியல் பெண்ணியம் என்று தொடங்கினால் போதும், மாணவர்கள் நோட்டில் ஒரே வரிதான் ஏறுகிறது: பெண்ணும் இயற்கையும் ஒன்று. தேர்வுக்கு அது போதும். ஆய்வேட்டுக்கும் போதும் என்றாகிவிட்டதுதான் எனக்கு ஆற்றாமை. நாவலில் ஆறு வந்தால் தாய், மரம் சாய்ந்தால் பெண்ணுடலின் சிதைவு. நூலாசிரியர் பெயரை மட்டும் மாற்றி அதே ஐந்து இயல்கள். கைடும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

1974இல் இந்தச் சிந்தனைக்குப் பெயர் சூட்டிய பிரெஞ்சுப் பெண்ணியர் பிரான்சுவாஸ் தோபோன் தாய்மையைப் போற்ற வரவில்லை. பெண்ணின் கருவளத்தையும் மண்ணின் வளத்தையும் ஒரே ஆணதிகாரம் கைப்பற்றிக்கொண்டது என்று சண்டைக்கு வந்தவர் அவர். நம் பாடத்திட்டத்தில் அந்தச் சண்டையைக் காணோம். பெண்ணுக்கும் இயற்கைக்கும் தனி நெருக்கம் உண்டு என்று எழுதிய வந்தனா சிவா இருக்கிறார். அவரை மறுத்து 1992இல் பொருளியலாளர் பீனா அகர்வால் எழுதிய கட்டுரை இல்லை. விறகும் தண்ணீரும் யார் சுமக்கிறார்கள், நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்துதான் இயற்கையோடான உறவு உருவாகிறது, வர்க்கத்துக்கு வர்க்கம் அது மாறும் என்பது அகர்வாலின் வாதம்.

இமயமலை ஊர்களில் மரத்தைக் கட்டியணைத்து வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ இயக்கம் என்றால் 1974, ரேணி கிராமம், பெண்களைத் திரட்டிய கௌரா தேவி. அதோடு பாடம் முடிந்துவிடும். 1980இல் அதே மலைப்பகுதியின் டோங்கிரி பைந்தோலி கிராமத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டாமா? சாலை, பள்ளி, மருத்துவமனை வரும் என்று காட்டை விட்டுக்கொடுக்க ஊர் ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்கள் மறித்தார்கள். எதிரே நின்றவர்கள் சொந்த வீட்டு ஆண்கள். தேர்வில் கேட்க வசதியில்லாத கதை என்பதால் விட்டுவிடுகிறோமோ என்னவோ.

அவ்வளவு தூரம் போவானேன்? நாகப்பட்டினத்தில் இறால் பண்ணைகள் நெல்வயலையும் கிணற்றையும் உப்பாக்கியபோது காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோடு தெருவுக்கு வந்தவர்கள் நிலமற்ற தலித் பெண்கள். அவருடைய கணவர் தொடுத்த வழக்கில்தான் 1996இல் அந்தப் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உழுபவருக்கே நிலம் என்று இருவரும் நடத்திய லாப்டி (LAFTI) இயக்கம் நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. அகர்வால் கேட்டதும் அதைத்தானே!

வகுப்பில் கைப்பேசியிலேயே சிட்டாவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அப்பா பெயர், தாத்தா பெயர், எப்போதோ இறந்துபோன கொள்ளுத்தாத்தா பெயர். அம்மாவின் பெயர் அரிதாகத்தான் கண்ணில் பட்டது. மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்திய மாநிலம் என்பதை நினைவில் வையுங்கள். தேடிப் பார்க்கப் புல எண்ணே இல்லாத மாணவிகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். "எங்களுக்கு நிலமே கிடையாது சார், நாங்கள் எந்த இயற்கையோடு ஒன்று?" என்றாள் ஒருத்தி.

இது இலக்கிய வகுப்பா, தாசில்தார் அலுவலகமா என்று சக ஆசிரியர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். அடுத்த பருவத்தில் முதல் வாரமே சிட்டாதான். தோபோன் இரண்டாம் வாரம் வரட்டும்.