செடி விக்கிறீங்களா, அட்டை விக்கிறீங்களா?

வீட்டுல கண்ணாடித் தொட்டி வச்சு அழகுக்கு இறால் வளர்க்கிறவங்க வயித்தெரிச்சல் கடைக்காரங்களுக்கு எப்பதான் புரியும்? காசு கொடுத்து ஒரு கொத்து ஜாவா மாஸ், அதான் தொட்டிக்குள்ள வளர்ற பாசிச் செடி, வாங்கினா கூடவே அட்டையும் வருது. கொண்டுபோய்க் காட்டினா, "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது சார், தண்ணிப் புழுதான்"னு பதில். புழுவாம்! ரெண்டு முனையிலயும் உறிஞ்சி வச்சுக்கிட்டு, முன்பக்கத்தை ஒட்டி பின்பக்கத்தை இழுத்து, கண்ணாடி மேல வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. அது அட்டை இல்லாம வேற என்ன?

அட்டையா புழுவான்னு அடையாளம் பார்க்க லென்ஸ்கூட வேணாம். பிளனேரியாங்கிற தட்டைப் புழு வளையாது, கண்ணாடியில வழுக்கிக்கிட்டே போகும். தலை அம்பு முனை மாதிரி இருக்கும், ரெண்டு கண்புள்ளி தெரியும். நூல் மாதிரி வெள்ளையா தண்ணியில நெளிஞ்சு நீந்துறது கழிவைத் தின்னுற புழு. அதால இறாலுக்கு ஒரு கெடுதலும் இல்ல, தீவனம் அதிகமாப் போடுறோம்னு மட்டும்தான் அர்த்தம். அட்டைக்கு உடம்பு முழுக்க வளையம் வளையமா இருக்கும். நீட்டினா நூலு, சுருங்கினா சொட்டு. ஒரு நிமிஷம் நின்னு பார்த்தாத் தெரியுற விஷயம் இது. அந்த ஒரு நிமிஷத்தைக் கூட செலவு பண்ணாம மருந்து பாட்டிலைத் தூக்கிக் கையில கொடுக்கிறாங்களே, அதுதான் எனக்குத் தாங்கல.

அந்த மருந்துல காப்பர் இருந்தா அட்டைக்கு முன்னாடி இறால்தான் சாகும். நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்து ஃபென்பெண்டசோல், பிளனேரியாவுக்குக் கேட்கும். அட்டைக்கும் அப்படியே கேட்கும்னு நம்பி ஊத்தினா, நெரைட் நத்தைங்க வரிசையா செத்துக் கிடக்கும். அந்த மருந்து மணல்லயும் ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் தங்கிடுறதால, அப்புறம் நத்தை விட்டாலும் பிழைக்காது. வயித்துல முட்டையோட ஒரு செர்ரி இறால் கிட்டத்தட்ட ஒரு மாசம் விசிறிக்கிட்டே சுமக்குது. அந்தத் தொட்டியில எதையோ ஊத்திப் பார்னு சொல்ல எப்படி மனசு வருது?

நம்ம தொட்டிக்கு வர்றதுல பல அட்டைங்க ரத்தம் குடிக்கிற ஜாதி இல்ல, அது உண்மைதான். ஹெலோப்டெல்லா, குளோசிஃபோனியா மாதிரி வகைங்க நத்தையையும் புழுவையும்தான் உறிஞ்சும். அதுக்காக சும்மா விட்டுடலாமா? ராம்ஸ்ஹார்ன் நத்தையை ஆசையா வளர்க்கிறவன் எங்கே போய் அழறது? பார்பிரோனியா வெபரின்னு ஒரு ஆசிய அட்டை, தண்ணிச் செடி வியாபாரத்தோடயே ஐரோப்பா, ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. செடியை அலசாம விக்கிற பழக்கம் அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கு.

வந்துட்டா மருந்தைத் தேடாதீங்க, கையாலதான் எடுக்கணும். விளக்கை அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, கண்ணாடியிலயும் இலைக்கு அடியிலயும் இருக்கும். மெல்லிய குழாயால உறிஞ்சி எடுங்க. நசுக்கவே நசுக்காதீங்க. குளோசிஃபோனியா வகை, முட்டையையும் குட்டியையும் வயித்துக்கு அடியில ஒட்டி வச்சிருக்கும். அவசரப்பட்டுப் பிய்ச்சா குட்டிங்க தொட்டியெல்லாம் சிதறிடும், முழுசா எடுத்தா மொத்தக் குடும்பமும் போயிடும். சின்ன பாட்டில்ல ஒரு துண்டு கறி போட்டு ராத்திரி வச்சாலும் சிலது வந்து மாட்டும். காலையில மறக்காம வெளிய எடுங்க, இல்லைன்னா கறி அழுகி தண்ணி கெட்டுடும். தீவனத்தையும் குறைங்க. நத்தையும் புழுவும் பெருகப் பெருக அட்டைக்கு விருந்துதான்.

இவ்வளவும் வாங்கினவன் தலையில. விக்கிறவங்க செடியை இறால் இல்லாத தனித் தொட்டியில கொஞ்ச நாள் வச்சு, இலை இலையாப் பார்த்து, அலசிக் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்? செடித் தொட்டியில விட்ட வலையையே இறால் தொட்டியிலயும் விடுறதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சனை தீரும். விலையைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க, தர்றோம். அட்டை இல்லாத செடியைக் கொடுங்க.