ஆமாம், காப்பியடித்தார்கள்தான்

வீடியோ கேம் கன்ட்ரோலரை நிண்டெண்டோவிடமிருந்து சோனி திருடியது என்று கிண்டலடித்த அந்த ‘திருட்டு கம்பெனி’ மீமுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். என்னை ‘சோனி சொம்பு’ என்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

ஆமாம், சோனி காப்பியடித்தது. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைப் பார்த்தால், நிண்டெண்டோவின் பழைய சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலருக்குக் கைப்பிடி முளைத்த மாதிரிதான் இருக்கும். நிண்டெண்டோ 64 அனலாக் ஸ்டிக்கோடு (கட்டைவிரலால் தள்ளும் குச்சி) வந்தது 1996இல், அதற்கு அதிர்வு தரும் ரம்பிள் பேக் வந்தது 1997இல். அந்த வருடம் முடிவதற்குள் சோனியின் டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்துவிட்டது. போதுமா?

ஆனால் ரம்பிள் பேக் தனியாகச் செருக வேண்டிய பெட்டி, அதற்கு பேட்டரி வேறு. டூயல்ஷாக்கில் மோட்டார் உள்ளேயே இருந்தது, ஸ்டிக்கும் இரண்டு. இன்று நிண்டெண்டோவே இரண்டு ஸ்டிக் வைத்துத்தான் செய்கிறது. நிண்டெண்டோ 64 மாதிரி மூன்று கொம்பு வைத்த கன்ட்ரோலரை இன்று யாராவது புதிதாக வடிவமைக்கிறார்களா? முதலில் செய்தவர் யார் என்பதல்ல, கைக்குச் சரியாக வரும்படி செய்தவர் யார் என்பதுதான் என் கேள்வி. நேற்றும் இதைத்தான் சொன்னேன்.

“அப்போ கண்டுபிடித்தவனுக்கு மரியாதையே இல்லையா?” என்பீர்கள். இருக்கிறது. திசை காட்ட அழுத்தும் சிலுவை வடிவ பட்டனான டி-பேடுக்காக, நிண்டெண்டோவின் குன்பெய் யோகோயை எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடுவேன். ஆனால் கட்டைவிரலால் தள்ளும் அனலாக் ஸ்டிக் 1982லேயே வெக்ட்ரெக்ஸ் என்ற வேறொரு கம்பெனியின் கேம் கருவியில் இருந்ததே, அப்போ நிண்டெண்டோவும் திருடர்தானா? இதைக் கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு சோனி மீது காதல் ஒன்றும் இல்லை. 2006இல் பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலரில் அதிர்வே இல்லை. அசைவு உணரிக்கு அது இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். அதிர்வுத் தொழில்நுட்பத்துக்காக இம்மெர்ஷன் நிறுவனத்தோடு இருந்த காப்புரிமை வழக்கு 2007இல் முடிந்தது. அதே வருடம் டூயல்ஷாக் 3இல் இரண்டும் ஒன்றாகவே வேலை செய்தன. என்ன அதிசயம்!

உண்மையில் கோபப்பட வேண்டியது காப்பியடிக்காததற்குத்தான். 1998இல் சேகா கம்பெனி, தன் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரின் ஸ்டிக்கில் காந்த உணரி வைத்தது. உரசல் இல்லை, அதனால் அந்த உணரி தேயாது. சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் என மூன்று பெரிய கம்பெனிகளும் தங்கள் வழக்கமான கன்ட்ரோலரில் இன்னும் தேய்கிற பாகத்தைத்தான் வைக்கின்றன. என் கன்ட்ரோலரும் ட்ரிஃப்ட் ஆகி, நான் தொடாமலேயே ஹீரோ பள்ளத்தைப் பார்த்து நடக்கிறான். இதற்கு ஏன் யாரும் மீம் போடவில்லை?

சரி, என்னைத் திட்டியதை விடுங்கள். என் அக்கா மகனுக்கு வலது கையில் பிடிமானம் குறைவு. பெரிய பட்டன்களைத் தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018இல் வந்தது. அப்புறம்தான் அவன் எங்களோடு உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தான், எங்களைத் தோற்கடிக்கவும் ஆரம்பித்தான். சோனி இதே மாதிரியான தன் அக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது 2023 டிசம்பரில். ஐந்து வருடம் தாமதம். இதை ஏன் முன்பே காப்பியடிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அதற்கு உங்களில் சிலர் சிரிப்பு முகம் போட்டீர்கள். “அனுதாப ஓட்டு” என்று ஒருவர். அவருக்கு லைக் போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. பார்த்தேன்.

வாதம் செய்ய வருகிறவர்கள் வாருங்கள், விடிய விடியப் பேசலாம். அந்தச் சிரிப்பு முகங்களை மட்டும் பிளாக் செய்துவிட்டேன். ஏன் என்று இன்பாக்ஸில் கேட்க வேண்டாம்.